ஈன்ற மாட்டுக்கு ரெண்டு வேளைக் கறவை போதாது

கறவை மாட்டுக் கடன் விண்ணப்பத்தில், மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று எழுத ஒரு இடம் இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் புரட்டியவன் நான். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஒரு எண் இருக்கும். அதைக் கறவை நாட்களால் பெருக்கி, பால் வற்றிய நாட்களைக் கழித்து, தீவனச் செலவு போக மிச்சத்தைக் காட்டினால் திட்ட அறிக்கை முடிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கறப்பீங்க, ஈன்ற புதுசில் கன்று எத்தனை தடவை ஊட்டும் என்று கேட்கிற இடம் அதில் கிடையாது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. பால் அளவு மாட்டோட இனத்தையும் நாம போடுற தீவனத்தையும் பொறுத்தது, அவ்வளவுதான் என்று எல்லாரும் இருக்கிறோம்.

அதில் ஒரு பங்கு நம்ம கையிலும் கன்றோட வாயிலும் இருக்கு. மாடு ஈன்ற முதல் மூன்று வாரத்தில் மடி எத்தனை தடவை காலியாகிறது என்பது அந்த மூன்று வாரப் பாலோடு நிற்கிற விஷயம் இல்லை. அது அந்த ஈத்து முழுக்கத் தொடரக்கூடியது. ஓய்வுபெற்று நிலத்துக்கு வந்து, நாலு மாடுகளோடு பழகி, கொஞ்சம் படித்தும் பார்த்த பிறகு எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து இருக்கிறது: ஈன்ற மாட்டை முதல் இருபத்தொரு நாளாவது காலை மாலை என்ற கணக்கில் கட்டிப் போடக் கூடாது.

இந்தக் காலை மாலைக் கணக்கு எங்கிருந்து வந்தது? எங்க பக்கம், திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும் உள்ள கிராமங்களில், கறவை நேரத்தை முடிவு பண்றது சொசைட்டி வண்டியும் கறவைக்காரரும்தான். கறவைக்காரருக்கு ஒரு காலைக்குள் பத்து வீடு முடிக்கணும். விடியற்காலை நாலு மணிக்கு நம்ம மாடு என்றால், மறு கறவை பிற்பகல் ரெண்டரைக்கு. பகலில் பத்தரை மணி நேரம், ராத்திரியில் பதின்மூன்றரை மணி நேரம் இடைவெளி. சாயங்காலப் பாலில் கொழுப்பு கொஞ்சம் தூக்கலா வர்றதைச் சொசைட்டி ரசீதில் நீங்களே பார்த்திருப்பீங்க. இடைவெளி குறைஞ்சதுதான் அதுக்குப் பெரிய காரணம். சொசைட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரெண்டு வேளை கொள்முதலும் பத்து நாளைக்கு ஒரு தடவை பணமும் இல்லைன்னா இந்தப் பக்கம் பாதி வீட்டில் மாடே இருக்காது. ஆனால் வண்டி வர்ற நேரம் வண்டிக்காக வச்சது. அதை மடிக்கும் சேர்த்து வச்சதாக நாம எடுத்துக்கிட்டோம்.

மடிக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். மடி என்பது பாலை நிரப்பி வைக்கிற பை மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் குமிழ்கள் கோடிக்கணக்கில் இருக்கு. அந்தக் குமிழ்களின் சுவரில் இருக்கிற செல்கள்தான் ரத்தத்திலிருந்து சத்தை எடுத்துப் பால் ஆக்குகின்றன. கன்று முட்டும்போதோ, நாம மடியைக் கழுவித் தடவும்போதோ, மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இறங்கி, குமிழ்களைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கிப் பால் காம்புக்கு வருகிறது. ஒரு நிமிஷத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும், ஐந்து ஏழு நிமிஷத்தில் அடங்கிடும். அதனால்தான் மடியைக் கழுவிட்டுப் போனில் பேசப் போனால் பால் குறையுது.

குமிழ் நிறைந்தே கிடந்தால் என்ன ஆகும்? செல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெறும் அழுத்தத்தால்தான் குறைகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் இருந்த ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் வைல்டு, பீக்கர் போன்றவர்கள் ஆடுகளை வைத்து 1980களிலும் 90களிலும் செய்த வேலையில் வேறொன்று தெரிய வந்தது. பாலுக்குள்ளேயே "போதும், நிறுத்து" என்று சொல்கிற பொருள் ஏதோ சேர்கிறது, பாலை எடுத்துவிட்டால் அந்தத் தடையும் போய்விடுகிறது என்றார்கள். அந்தப் பொருள் எது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு இருக்கு. தேங்கிய பால் சுரப்பைக் குறைக்கும் என்பதில் வழக்கு இல்லை.

இதுவரைக்கும் சொன்னது எந்த மாதக் கறவைக்கும் பொருந்தும். முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் என்ன தனி மகிமை? அந்த நாட்களில்தான் மடி தன் கொள்ளளவைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஈன்ற பிறகு பால் ஆறு எட்டு வாரம் வரை ஏறி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கும். ஏறுகிற அந்தக் காலத்தில் அடிக்கடி காலியாகிற மடி, "இங்கே தேவை ஜாஸ்தி" என்று புரிந்துகொண்டு அதற்கேற்ப ஆயத்தமாகிறது.

அமெரிக்காவில் மேரிலாந்தில் 2003இல் வெளியான ஒரு ஆய்வில், ஈன்ற மாடுகளில் ஒரு குழுவை வழக்கம் போல ரெண்டு தடவையும், மற்ற குழுக்களை இருபத்தொராம் நாள் வரை நாலு தடவையும் கறந்தார்கள். நாலு தடவைக் குழுக்களில் ஒன்று முதல் நாளிலிருந்து, இன்னொன்று நாலாம் நாளிலிருந்து. இருபத்தொரு நாள் முடிந்ததும் எல்லா மாடும் ரெண்டு தடவைக்கே திரும்பின. அதற்கப்புறமும் நாலு தடவை கறந்த மாடுகள் கூடுதலாகவே கறந்தன. முதல் நாளே தொடங்கினாலும் நாலாம் நாள் தொடங்கினாலும் பலன் இருந்தது. இது நமக்கு ரொம்ப உபயோகமான செய்தி. ஏன் என்று பின்னால் சொல்றேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எம்மா வால், தாமஸ் மெக்ஃபேடன் ரெண்டு பேரும் 2007இல் வெளியிட்டது. ஒரே மாட்டோட மடியில் ஒரு பக்கத்து ரெண்டு காம்பை நாளுக்கு ரெண்டு தடவை, மறுபக்கத்து ரெண்டு காம்பை நாலு தடவை என்று இருபத்தொரு நாள் கறந்தார்கள். அதே மாடு, அதே தீவனம், அதே ரத்தம், அதே கொட்டகை. நாலு தடவை கறந்த பக்கம் கூடுதலாகக் கறந்தது. பிறகு ரெண்டு பக்கத்தையும் ரெண்டு தடவையே கறந்தபோது வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. அந்த ஈத்து முழுக்கத் தொடர்ந்தது. தீவனம்தான் காரணம், இனம்தான் காரணம் என்று சொல்ல அங்கே இடமே இல்லை பாருங்க. ஒரு மாட்டுக்கு ரெண்டு இனம் இருக்க முடியாதே.

இன்னொரு விஷயம். அந்தச் சோதனைகளில் நாலு தடவை என்றால் ஆறு மணிக்கு ஒரு தடவை என்று அலாரம் வைத்து எழுந்திருக்கவில்லை. வழக்கமான கறவை முடிந்து ஏறக்குறைய மூணு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு கறவை, சாயங்காலமும் அதே மாதிரி. காலை ஐந்து, எட்டு, மாலை நாலு, ஏழு என்று வைத்தால் வேலை முடிந்தது. நடு ராத்திரிக் கறவை தேவையில்லை.

"ஐயா, ரெண்டு தடவை கறக்கவே ஆள் இல்லை, நாலு தடவைக்கு எங்கே போறது?" என்று நீங்க கேட்பது காதில் விழுது. சம்பளம் இல்லாத ஆள் ஒண்ணு கொட்டகையிலேயே கட்டிக் கிடக்குதே, கன்னுக்குட்டி!

பக்கத்து நிலத்தில் ஒரு அம்மா மூணு மாடு வச்சிருக்காங்க. தெலுங்கு வீடு. மாட்டோடு தெலுங்கிலும் என்னோடு தமிழிலும் பேசுவாங்க. 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் சேர்ந்தாலும் மாடுகளுக்கு இன்னும் சேதி போகலை என்று நான் கிண்டல் பண்றதுண்டு. மாடு ஈன்றால் மாசம் முடிகிறவரை அவங்க கன்றைத் தாய்க்குப் பக்கத்திலேயே விட்டுடுவாங்க. காலையிலும் சாயங்காலமும் கறக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மட்டும் பிடிச்சுக் கட்டுவாங்க. "கன்னே குடிச்சுட்டா சொசைட்டிக்கு என்னம்மா ஊத்துவீங்க?" என்று கேட்டேன். "மேனேஜர் சார், இப்போ அது குடிக்கட்டும். அது முட்ட முட்டத்தான் மடி எறங்கும். அடுத்த மாசம் வந்து பாருங்க" என்றார். வெர்மான்ட்டில் நடந்ததை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "பாதி மடிதான் கறந்தாங்களா, பாவம் அந்த மாடு" என்று முடித்துவிட்டார்.

தாயோடு விட்ட கன்று முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஊட்டும். மடி அதற்காக அமைந்ததுதான். அடிக்கடி கறப்பது மாட்டைப் பிழிவது என்று நம்ம இயக்கத்து நண்பர்கள் சிலர் சொல்றாங்க. ரெண்டு தடவை என்பதுதான் மனுஷன் வச்ச கணக்கு. இஸ்ரேலில் 1995இல் வெளியான ஒரு ஆய்வு இதில் கவனிக்க வேண்டியது. முதல் ஆறு வாரம் ஒரு குழுவுக்கு மூணு தடவைக் கறவை, இன்னொன்றுக்கு ஆறு தடவை, மூன்றாவதுக்கு மூணு தடவைக் கறவையும் மூணு தடவை கன்று ஊட்டலும். அந்த ஆறு வாரத்தில் எல்லாரையும் தாண்டி அதிகமாகப் பால் கொடுத்தது கன்று ஊட்டிய குழுதான். கன்றோட நாக்குக்கு ஈடான இயந்திரம் கிடையாது. ஆனால் முழுதையும் சொல்லணும். கன்றைப் பிரித்த பிறகு, ஆறு தடவை கறந்த குழுவுக்கு நீடித்த அளவு அந்த நன்மை கன்று ஊட்டிய குழுவுக்கு நீடிக்கவில்லை. கன்றோடு பழகிய மாடு, கன்று இல்லாத கறவையில் பாலை அடக்கிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்த கதைதான். நாம கன்றை ஒரேயடியாகப் பிரிப்பதில்லை, சுரப்புக்கு விட்டுத்தான் கறக்கிறோம். அதனால் நம்ம முறையில் அந்த இழப்பு குறையும் என்பது என் கணிப்பு.

நம்ம வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுக்கு நேர் எதிர். காலையில் கன்றை அவிழ்த்து நாலு இழுப்பு இழுத்ததும் இழுத்துப் பிடித்து முன்னங்காலில் கட்டுவார்கள். நாலு காம்பையும் கறந்த பிறகு "போ, நக்கிக்கோ" என்று விடுவார்கள். கன்று நாளைக்கு ரெண்டு தடவை காலி மடியை முட்டும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு ரெண்டரை லிட்டராவது தினமும் பால் வேணும். எத்தனை கன்றுக்குக் கிடைக்குது? காளைக்கன்று என்றால் கேட்கவே வேண்டாம். அது செத்த பிறகு தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டுவதும், ஆக்ஸிடோசின் ஊசி போட்டுப் பாலை இறக்குவதும்! பால் சுரக்க மாட்டுக்குக் கேடு செய்கிற ஊசி போடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12ஆவது பிரிவிலேயே குற்றம். ஒரு கன்றை உயிரோடு வச்சிருந்தா அந்த ஊசிக்கு வேலையே இல்லை.

சீம்பால் விஷயத்திலும் ஒரு பிடிவாதம் இருக்கு. நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றை ஊட்ட விடக் கூடாது, கறக்கவும் கூடாது என்பார்கள். கன்று ஊட்டினால் இறங்குகிற அதே ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது. ஊட்ட விட்டால் கொடி விழ உதவியே தவிரத் தடை இல்லை. சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும், ஒரு நாள் போனால் கதவு மூடிக்கும். முதல் பாலை மலைக்கு அபிஷேகத்துக்குக் கொடுத்த பிறகுதான் விற்பனை என்று இருக்கிற வீடுகள் எங்க பக்கம் இன்னும் உண்டு. நல்ல வழக்கம், விட வேண்டாம். அதுவரைக்கும் அந்தப் பால் மடியில் தேங்காமல் கன்றுக்குப் போகணும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போ நான் வேலை பார்த்த துறைக்கு வர்றேன். கடனில் வாங்குகிற மாடு முதல் அல்லது ரெண்டாம் ஈத்து, ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லா வங்கியிலும் பழகிப்போன விதி. உடனே பால் வரும், உடனே தவணை கட்டலாம் என்பது இதற்குப் பின்னால் உள்ள எண்ணம். தாளில் சரியாகத்தான் இருக்கு. மாட்டுக்கு என்ன நடக்குது என்று பாருங்க. விற்பனைக்குக் கொண்டு வருகிற நாளில் மடி பெருத்துத் தெரியணும் என்று முந்தின வேளைக் கறவையைத் தரகர் நிறுத்திடுவார். சில சமயம் ரெண்டு வேளை. காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும், வாங்குகிறவருக்கு அதுதான் அழகு. அப்புறம் லாரி. புது இடம், புது ஆள், புதுத் தண்ணி. கன்று சில நேரம் கூட வரும், சில நேரம் வராது. வந்து சேர்ந்த மாடு ரெண்டு மூணு நாள் பயத்தில் பாலை அடக்கும். மடி மறுபடி தேங்கும். இத்தனையும் எந்த வாரத்தில்? அந்த ஈத்தின் கொள்ளளவை மடி கட்டிக்கொண்டிருக்கிற அதே வாரத்தில். "பன்னிரண்டு லிட்டர்னு சொல்லித் தள்ளிட்டான் சார், ஏழுக்கு மேல ஏறலை" என்று வங்கிக்கு வந்து புலம்புகிறவர்களில் எல்லாரும் ஏமாற்றப்பட்டவர்கள் இல்லை. மாடு பன்னிரண்டு கறந்திருக்கக் கூடியதாகவே இருந்திருக்கும்.

ஆறு ஏழு மாதச் சினை மாட்டை வாங்கக் கடன் கொடுத்து, தவணையை ஈன்ற பிறகு ஒரு மாதம் கழித்துத் தொடங்க வைத்தால் என்ன? தென்னைக்கும் மாவுக்கும் காய்க்கிற வரை தவணையைத் தள்ளி வைக்கிற வங்கிக்கு மூணு மாதம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. மாடு வீட்டுக்குப் பழகும், தீவனத்துக்குப் பழகும், நம்ம கொட்டகையிலேயே ஈனும். கறந்து பார்த்து வாங்க முடியாதே என்பது உண்மையான சிக்கல்தான். அதற்குப் பக்கத்து ஊரில், முந்தின ஈத்தில் எவ்வளவு ஊற்றியது என்று சொசைட்டி ரசீது இருக்கிற வீட்டில் வாங்கணும். நம்ம இயக்கத்து விவசாயிகளே ஒருத்தருக்கொருத்தர் விற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

இனி எச்சரிக்கை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க.

நியூசிலாந்தில் புல்வெளியில் மேய்கிற மாடுகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஈன்ற முதல் வாரங்களில் மூணு தடவை கறந்தபோது பால் அளவு கொஞ்சம் கூடினாலும், கொழுப்பும் புரதமும் குறைந்ததால் சத்துக் கணக்கில் பால் கூடவில்லை. மேய்ச்சலில் அதற்கு மேல் கொடுக்க மாட்டிடம் சத்து இல்லை என்பதே எனக்குப் புரிகிற காரணம். அதே ஆய்வில் முதல் மூணு வாரம் நாளுக்கு ஒரே தடவை கறந்த மாடுகள், பிறகு ரெண்டு தடவைக்கு மாறியும் குறைவாகவே கறந்தன. ஆக, தீவனம் இல்லாமல் கறவை மட்டும் கூட்டினால் பலன் இல்லை. கறவையைக் குறைத்தால் நஷ்டம் மட்டும் நிச்சயம். "ஈன்ற புதுசு, ஒரு வேளை கறந்தா போதும்" என்று விடுகிறவர்கள் இதை யோசிக்கணும்.

ஈன்ற மாடு தின்னுகிற அளவு மெதுவாகத்தான் ஏறும், பால் வேகமாக ஏறும். இடையில் விழுகிற துண்டை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கும். அடிக்கடி கறந்து, தீவனத்தைக் கூட்டவில்லை என்றால் மாடு எலும்பு தெரிய இளைக்கும், தீவனம் மறுக்கும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். அடுத்த சினை ரெண்டு மாதம் தள்ளினால் கிடைத்த லாபமெல்லாம் அதில் போச்சு. எங்க பக்கம் கடலைக்கொடி கிடைக்குது, கரும்புத் தோகை கிடைக்குது, வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைக்க இடம் இருக்கு. இதோடு கம்பு நேப்பியர், கூடும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம் அளவில் புண்ணாக்கும் தவிடும் சேர்ந்த அடர்தீவனம், தாது உப்பு. தண்ணீரை மறக்காதீங்க. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். மே மாதத்தில் வெயில் பட்டியலில் திருத்தணி பெயர் வராத வருஷம் இல்லை. அந்த வெயிலில் ஈன்ற கலப்பின மாட்டிடம் இந்தப் பரிசோதனையே வேண்டாம். அதற்கு நிழலும் தண்ணியும் கொடுத்துக் காப்பாற்றினால் போதும். கார்த்திகை, மார்கழியில் ஈனும்படி சினை பார்க்கிறவர்களுக்குத்தான் முழுப் பலன்.

ஜெர்சிக் கலப்புக்குப் பால் காய்ச்சல் ஆபத்து உண்டு. ஈன்ற ஓரிரு நாளில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கி, மாடு எழ முடியாமல் கழுத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். மூணாம் ஈத்துக்கு மேற்பட்ட, நிறையக் கறக்கிற மாட்டுக்கு இது ஜாஸ்தி. முதல் மூணு நாள் கன்றுக்கு வேண்டியதைத் தாராளமாக விடுங்க, மடியை ஒட்டக் கறக்க வேண்டாம், நாலாம் நாளிலிருந்து கறவையைக் கூட்டுங்க என்று நான் சொல்வது இதனால்தான். மேரிலாந்து ஆய்வில் நாலாம் நாள் தொடங்கிய குழுவுக்கும் பலன் இருந்தது என்று மேலே சொன்னேனே, அது இங்கே கை கொடுக்குது.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அமெரிக்க மாடு 30 லிட்டருக்கு மேல் கறப்பது. அதுக்குக் கூடின லிட்டர் நம்ம எட்டு லிட்டர் மாட்டுக்குக் கூடாது. அரை லிட்டர் என்றே வைப்போம். 250 நாளைக்கு 125 லிட்டர். ஆவின் 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாய் ஆக்கி, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்த கணக்கில் லிட்டருக்கு 38 ரூபாய். வரவு 4,750. கூடுதல் அடர்தீவனம் 50 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 1,500. இருபத்தொரு நாளும் கன்றுக்குத் தினம் ரெண்டு லிட்டர் கூடுதலாக விட்டதாக வைத்தால் 42 லிட்டர், 1,596 ரூபாய். மிச்சம் 1,654. ஒரு லிட்டரே கூடினால் மிச்சம் 4,904. ஒரு மாட்டுக்கு ஒரு ஈத்துக்கு இது. சொத்து சேர்க்கிற தொகை இல்லைதான். ஆனால் இந்தக் கணக்கில் கன்றை நான் சேர்க்கவே இல்லை. முதல் மூணு வாரம் வயிறு நிறைந்து வளர்ந்த கிடாரி, பட்டினி கிடந்த கிடாரியைவிட முன்னாடியே பருவத்துக்கு வரும். ஒரு கிடாரி ஆறு மாதம் முன்னாடி சினையானால் ஆறு மாதத் தீவனம் மிச்சம், ஆறு மாதப் பால் முன்கூட்டியே வரவு. உண்மையான லாபம் அங்கேதான் இருக்கு.

"நமக்கு மாடு சாணிக்கும் கோமியத்துக்கும்தானே, பாலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?" என்று இயக்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். ஓய்வூதியம் வாங்குகிற என்னைப் போன்றவன் சாணிக்காக மாடு வைக்கலாம். ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற இளம் விவசாயி வைக்க மாட்டார். பால் ஓடுகிற வரை மாடு இருக்கும், மாடு இருக்கிற வரை எரு இருக்கும். பால் நின்றால் மாடு சந்தைக்குப் போகும், அதற்கப்புறம் ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் சாணியை எங்கே போய் வாங்குவது? நாட்டு மாடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இன்னும் சுலபம். நாட்டு மாடு கன்று இல்லாமல் சுரக்காது. மூணு லிட்டர் கறக்கிற மாட்டை நாலு தடவை கறக்க உட்காருவதும் வீண். கன்றைக் கூடவே விட்டு, கறவைக்கு முன் மட்டும் பிரித்தால் போதும்.

கலப்பின மாட்டுக்கு எங்க கொட்டகையில் இப்போ நடப்பது இது. காலை ஐந்துக்கும் மாலை நாலுக்கும் வழக்கமான கறவை, அது சொசைட்டிக்கு. காலை எட்டுக்கும் ராத்திரி ஏழுக்கும் கன்றை அவிழ்த்து விடுவோம், கறப்பதில்லை. அது பத்து நிமிஷம் ஊட்டி முடிக்கும். தேங்கி நின்ற கடைசிப் பாலில்தான் கொழுப்பு ஜாஸ்தி, அது கன்றுக்குப் போகுது. ஒரே மூச்சில் நிறையக் குடித்தால்தான் கழிச்சல் பயம், கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை குடிக்கிற கன்றுக்கு அது குறைவு. கன்று இறந்துபோன மாடாக இருந்தால் அந்த ரெண்டு நேரமும் கையால் கறக்கணும். அந்தப் பால் வீட்டுக்கும் தயிருக்கும் நெய்க்கும் ஆகும். ஒவ்வொரு தடவையும் காம்பைக் கழுவித் துடைக்கணும், கறந்த பிறகு அரை மணி நேரம் மாட்டைப் படுக்க விடாமல் தீவனம் போட்டு நிறுத்தணும். காம்புத் துளை மூடுவதற்குள் அழுக்குத் தரையில் படுத்தால் மடிநோய் வரும்.

இருபத்திரண்டாம் நாள் சட்டென்று நிறுத்த வேண்டாம். முதலில் ராத்திரி ஊட்டலை நிறுத்துங்க, ஒரு வாரம் கழித்துக் காலை எட்டு மணி ஊட்டலை. சுரப்புக்குக் கன்றை விடுவதும், கறந்த பிறகு அதுக்கென்று ஒரு காம்புப் பாலை விடுவதும் மூணு மாதம் வரை இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், கிழமை மாறாமல், ரெண்டு வேளைப் பாலையும் அளந்து சுவரில் எழுதி வையுங்க. அடுத்த ஈத்தில் அதே மாட்டை ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சுவர்தான் வேணும்.